63 சதவீதத்தில் நிற்கும் ரெண்டர்

குடியாத்தத்தில் திருமண வீடியோ மிக்ஸிங் செய்துவரும் நண்பர் ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. ஒரு மணி 50 நிமிட நீளமுள்ள கல்யாண வீடியோவை அடோபி பிரீமியர் புரோவில் எடிட் செய்து, 8 எம்பிபிஎஸ் பிட்ரேட்டில் (நொடிக்கு 8 மெகாபிட் வீதம்) எச்.264 முறையில் சுருக்கிய கோப்பாக, நேரே 32 ஜிபி பென்டிரைவுக்கே எக்ஸ்போர்ட் கொடுத்திருக்கிறார். இரண்டு முறையும் 63 சதவீதத்தில் நின்றுவிட்டது. டி டிரைவுக்கு மாற்றிக் கொடுத்தபோது 63-ஐத் தாண்டிச் சென்று 76-இல் ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று உறைந்தது. மறுநாள் மதியம் கொடுத்தபோது 38-இலேயே உறைந்தது. கணினி ஐ5 12400, 16 ஜிபி ராம், 6 ஜிபி நினைவகமுள்ள ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கார்டு. விண்டோஸை இருமுறை புதிதாகப் போட்டும் பயனில்லை. கடைக்காரர் கிராஃபிக்ஸ் கார்டை மாற்றச் சொல்கிறார். பெண் வீட்டாரோ தினமும் போன் செய்கிறார்கள்.

கார்டை இப்போதைக்கு வாங்க வேண்டாம். வேலூரிலும் சுற்றுவட்டாரத்திலும் ஸ்டுடியோக்களின் எடிட்டிங் கணினிகளைப் பார்த்துக் கொடுப்பதுதான் என் தொழில். ரெண்டர் (எடிட் செய்ததைக் கணக்கிட்டு முழு வீடியோ கோப்பாக்கும் வேலை) உறைகிறது என்று சொல்லி வரும் கணினிகளில் உண்மையாகவே கார்டு பழுதானவை மிகக் குறைவு. அதைவிட முக்கியமானது, நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் உங்களுக்கு இருப்பது ஒரே கோளாறாகத் தெரியவில்லை என்பது. பென்டிரைவில் நின்றது ஒன்று, டி டிரைவில் நின்றது வேறொன்று. இரண்டையும் ‘ஹேங் ஆகிறது’ என்ற ஒரே சொல்லில் சேர்த்துவிட்டதால்தான் விண்டோஸை இருமுறை மாற்றும் வரை போயிருக்கிறீர்கள்.

முதலில் அந்த 63. இரண்டு முறையும் அதே எண்ணில் நின்றதே அதைக் காட்டிக்கொடுக்கிறது. உங்கள் வீடியோ 110 நிமிடம், அதாவது 6,600 நொடி. படத்துக்கு 8 எம்பிபிஎஸ், ஒலிக்கு வழக்கமான 320 கேபிபிஎஸ் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் நொடிக்கு 8.32 மெகாபிட், எட்டால் வகுத்தால் 1.04 மெகாபைட். 32 ஜிபி வரையுள்ள பென்டிரைவுகள் பெரும்பாலும் ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்யப்பட்டே வருகின்றன. அந்த முறையில் ஒரு தனிக் கோப்பு 4,29,49,67,295 பைட்டைத் தாண்ட முடியாது. நாம் பேச்சில் 4 ஜிபி என்று சொல்வது அதைத்தான். நொடிக்கு 1.04 மெகாபைட் வீதம் எழுதினால் அந்த எல்லையை ஏறத்தாழ 4,130-ஆவது நொடியில் தொடுவீர்கள். 4,130-ஐ 6,600-ஆல் வகுத்துப் பாருங்கள்: 62.6 சதவீதம். பென்டிரைவில் 28 ஜிபி காலியாக இருந்தாலும் அந்தக் கோப்புக்குள் இனி ஒரு பைட்கூட எழுத முடியாது. சில மென்பொருள்கள் இந்த இடத்தில் பிழைச் செய்தி காட்டும். சில எதுவும் சொல்லாமல் நின்றுவிடும். எதுவானாலும் விண்டோஸ் மீதோ கார்டு மீதோ குற்றமில்லை.

உறுதிசெய்துகொள்ள, பென்டிரைவின் மேல் வலது கிளிக் செய்து ‘பிராப்பர்ட்டீஸ்’ பாருங்கள். ஃபைல் சிஸ்டம் என்ற வரியில் ஃபேட்32 என்று இருக்கும். எக்ஸ்ஃபேட் முறையில் மறுபடி ஃபார்மட் செய்தால் இந்த எல்லை போய்விடும். ஆனால் வாடிக்கையாளர் வீட்டு டிவி எக்ஸ்ஃபேட்டைப் படிக்குமா என்பதைக் கேட்காமல் கொடுத்துவிட்டால், மறுநாள் ‘பென்டிரைவ் ஓடவில்லை’ என்று போன் வரும். பழைய டிவிகள் பல ஃபேட்32-ஐ மட்டுமே படிக்கும். நான் சொல்லும் வழி, வரவேற்பு ஒரு கோப்பு, முகூர்த்தம் ஒரு கோப்பு என்று இரண்டாகப் பிரித்துக் கொடுப்பது. ஒரே கோப்பாகத்தான் வேண்டும் என்று அவர்கள் பிடிவாதம் பிடித்தால், 110 நிமிடத்தை 4 ஜிபிக்குள் அடக்க ஒலியையும் சேர்த்து 5.2 எம்பிபிஎஸ்தான் கிடைக்கும். பட்டுப்புடவை ஜரிகையும் பூமாலையும் அசையும் காட்சிகளில் அதன் குறை கண்ணுக்குத் தெரியும். எப்படிக் கொடுத்தாலும் எக்ஸ்போர்ட் மட்டும் எப்போதும் உள் டிரைவுக்கே போகட்டும். முடிந்தபின் பென்டிரைவுக்கு நகல் எடுங்கள். பென்டிரைவின் எழுதும் வேகம் சிறிது நேரத்தில் சரிந்துவிடும் என்பது அதற்கு இன்னொரு காரணம்.

இனி டி டிரைவுச் சிக்கல். உறைந்ததாகத் தெரிவதெல்லாம் உறைவதில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு ஜன்னல் ஐந்து நொடிக்கு விண்டோஸின் அழைப்புக்குப் பதில் சொல்லாவிட்டால், ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று தலைப்பில் எழுதி அதை வெளிறச் செய்துவிடுவது விண்டோஸின் வழக்கம். கனமான கணக்கில் மூழ்கியிருக்கும் மென்பொருளுக்கு ஐந்து நொடி பெரிதில்லை. சதவீதமும் ஏமாற்றும்: வெறும் வெட்டு மட்டும் உள்ள பத்து நிமிடம் மடமடவென்று ஓடிவிட, இரைச்சல் நீக்கமும் ஸ்டெபிலைசரும் போட்ட இரண்டு நிமிடம் அரை மணி நேரம் எடுக்கும், பார்ப்பவருக்கு எண் அசையாததுபோல் தெரியும். ஆகவே ‘எண்ட் டாஸ்க்’ கொடுக்கும் முன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, அந்த மென்பொருளின் வரிசையில் பிராசஸர் பயன்பாடும் டிஸ்க்கில் எழுதும் வேகமும் ஏறி இறங்குகின்றனவா என்று பத்து நிமிடம் பாருங்கள். இரண்டும் பூஜ்யத்தில் படுத்துவிட்டால் உறைந்துவிட்டது என்று கொள்ளலாம், அசைந்துகொண்டிருந்தால் காத்திருங்கள். ஆம்பூரில் ஒரு ஸ்டுடியோவில் 99 சதவீதத்தில் நிற்கிறது என்று நான்கு முறை நிறுத்திவிட்டு என்னை அழைத்தார்கள். தனித்தனியாக உருவான படக் கோப்பையும் ஒலிக் கோப்பையும் மென்பொருள் ஒன்றாகக் கோத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். டிஸ்க்கில் இடம் நெருக்கடியாக இருந்ததால் அது மெதுவாக நடந்தது.

மென்பொருள் மட்டும் உறைவதும், மவுஸ்கூட அசையாமல் கணினியே உறைவதும், கணினி பட்டென்று அணைந்து மறுபடி எழுவதும் மூன்று வெவ்வேறு சங்கதிகள். கடைசி வகை பெரும்பாலும் மின்சாரம் அல்லது வெப்பம். இரண்டாவது வகை டிரைவர் (கார்டு போன்ற பாகங்களை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்), ராம், டிஸ்க் ஆகியவற்றை நோக்கிக் கைகாட்டும். முதல் வகையில் எல்லாமே சந்தேகத்துக்குரியவை. உங்களுடையது முதல் வகை என்பதால், என் கணிப்பில் எல்லாவற்றிலும் பயனுள்ள அந்த ஒரு கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கிறது: உறைவது ஒவ்வொரு முறையும் அதே இடத்திலா, வெவ்வேறு இடங்களிலா? அதே இடம் என்றால் குற்றவாளி டைம்லைனில் (கிளிப்புகளை வரிசையாக அடுக்கிய பட்டையில்) இருக்கிறார், அதாவது ஒரு கிளிப், ஒரு படம், ஓர் எஃபெக்ட், ஒரு எழுத்துரு. இடம் மாறிக்கொண்டே இருந்தால் குற்றவாளி இயந்திரத்தில் இருக்கிறார். இந்த ஒரு கேள்விக்கு விடை தெரியாமல் விண்டோஸை மாற்றுவது, காய்ச்சலா வயிற்றுவலியா என்று கேட்காமல் ஊசி போடுவதைப் போன்றது.

உங்களிடம் இருப்பவை 76, 38 என்ற இரண்டு எண்கள் மட்டுமே. அவற்றை வைத்து முடிவு சொல்ல முடியாது, ஏனெனில் இரண்டும் வெவ்வேறு நாளில், வெவ்வேறு வெயிலில் நடந்தவை. கணினியை அணைத்துப் புதிதாக எழுப்பி, வேறெந்த மென்பொருளும் திறக்காமல், இரவில் ஒரு முறை டி டிரைவுக்கே கொடுங்கள். பிட்ரேட் அமைப்பில் இரண்டு பாஸ் தேர்ந்தெடுத்திருந்தால் ஒரு பாஸுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு பாஸில் டைம்லைன் முழுவதும் இருமுறை ஓடுவதால் சதவீதத்தை வைத்து இடத்தைக் கணக்கிட முடியாமல் போய்விடும். இந்த முறையும் 76-ஐ ஒட்டி நின்றால், 110 நிமிடத்தில் 76 சதவீதம் என்பது ஒரு மணி 23 நிமிடம் 36 நொடி. அங்கே என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

சதவீதம் துல்லியமாக இல்லாவிட்டால், பாதியாகப் பிரிக்கும் முறை இருக்கிறது. டைம்லைனில் இன், அவுட் குறிகளைப் போட்டு முதல் 55 நிமிடத்தை மட்டும் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். அது முடிந்தால் கோளாறு இரண்டாம் பாதியில்; அந்தப் பாதியை மறுபடி இரண்டாக்குங்கள். ஏழு முறை இப்படிப் பிரித்தால் 110 நிமிடம் ஒரு நிமிடத்துக்கும் குறைவான துண்டாகச் சுருங்கிவிடும், அதாவது சுமார் 52 நொடி. ஒவ்வொரு சுற்றிலும் ரெண்டர் செய்யும் நீளமும் பாதியாவதால், எல்லாச் சுற்றுகளையும் கூட்டினாலும் ஒரு முழு ரெண்டரின் நேரத்தைத் தாண்டாது. பொறுமையில்லாமல் டைம்லைனில் இங்கொன்றும் அங்கொன்றுமாக எஃபெக்டுகளை நீக்கிப் பார்ப்பவர்கள் இரண்டு நாள் செலவழிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் டைம்லைனில் மாங்கல்யதாரணம் முடிந்தபின் ஆல்பம் படங்களை 12, 12 ஆகக் கொலாஜ் போல் அடுக்கியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். 76 சதவீதம் அந்தப் பகுதியில் விழுந்தால் எனக்கு வியப்பில்லை. 24 மெகாபிக்சல் கேமராவின் படம் 6,000-க்கு 4,000 புள்ளிகள். வன்தட்டில் அது 8 அல்லது 10 எம்பி ஜேபெக் கோப்பாகச் சிறியதாகத் தெரிந்தாலும், ரெண்டரின்போது சுருக்கம் அவிழ்ந்து ஒவ்வொரு புள்ளியும் தனித்தனி எண்ணாக கிராஃபிக்ஸ் நினைவகத்தில் போய் உட்காரும். சிவப்பு, பச்சை, நீலம், ஒளிபுகும் தன்மை என்று புள்ளிக்கு நான்கு எண்கள், ஒவ்வொன்றுக்கும் 4 பைட் என்று வைத்தால் ஒரு படத்துக்கு 384 எம்பி. 12 படங்களை ஒரே நேரத்தில் வைத்திருக்க வேண்டி வந்தால் 4.6 ஜிபி. ஒரு கொலாஜ் கரைந்து மறைய அடுத்த கொலாஜ் மேலெழும் டிரான்சிஷனில் இரண்டு தொகுதியும் சேர்ந்துகொண்டால் 9 ஜிபிக்கு மேல். உங்கள் கார்டில் இருப்பது 6 ஜிபி, அதிலும் திரைக்கும் விண்டோஸுக்கும் போனது போக மீதிதான். ஒப்பிட்டுச் சொன்னால், 1,920-க்கு 1,080 புள்ளியுள்ள ஒரு வீடியோ ஃபிரேமுக்கு இதே கணக்கில் 33 எம்பிதான் தேவை. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருள் என்றால் கிராஃபிக்ஸ் நினைவகம் நிரம்பிவிட்டது என்று வெளிப்படையாகச் சொல்லும். மற்ற மென்பொருள்கள் கணினியின் ராமைக் கடன் வாங்கி மெதுவாகும், அல்லது உறைந்துவிடும்.

இதற்கு மருந்து பைசா செலவில்லாதது. கொலாஜில் ஒரு படம் திரையின் மூன்றிலொரு பங்கு அகலத்தைத்தான் பிடிக்கிறது. அதற்கு 640 புள்ளி போதும், பெரிதாக்கிக் காட்டும் அசைவு இருந்தால் 1,500 போதும். எல்லாப் படங்களையும் 1,500-க்கு 1,000 அளவில் மொத்தமாகச் சிறிதாக்கி வேறு ஃபோல்டரில் வையுங்கள். லைட்ரூம், இர்ஃபான்வியூ எதிலும் ஒரே கட்டளையில் நடக்கும். பிறகு டைம்லைனில் பழைய படங்களுக்குப் பதிலாக இவற்றை இணையுங்கள். ஒரு படத்துக்கு 384 எம்பி என்பது 24 எம்பியாக, அதாவது பதினாறில் ஒரு பங்காகக் குறையும். பழைய படங்களில் ஸ்கேல் அளவு போட்டிருந்தால் மட்டும் திரும்பச் சரிசெய்ய வேண்டியிருக்கும். கார்டை 12 ஜிபிக்கு மாற்றியிருந்தாலும் உங்கள் சிக்கல் போயிருக்கும் என்பதை மறுக்கவில்லை. அந்தச் செலவில் அடுத்த முகூர்த்த மாதம் வரை ஸ்டுடியோ வாடகை கட்டலாம்.

அந்த இடத்தில் ஆல்பம் இல்லாமல் வேறேதேனும் கிளிப் இருந்தால், அது உறவினர் போனில் எடுத்ததா, வாட்ஸ்அப்பில் வந்ததா என்று கேளுங்கள். கேமரா நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் 25-ஐயே கொடுக்கும். போன் வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப 24, 29, 30 என்று ஃபிரேம் வேகத்தை மாற்றிக்கொண்டே பதிவுசெய்யும். எடிட்டிங் மென்பொருள் இதைச் சமாளிக்க முயன்றாலும், உதடும் ஒலியும் பொருந்தாமல் போவதும் ரெண்டர் தடுமாறுவதும் இத்தகைய கிளிப்புகளில் அதிகம். மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் திறந்து ஃபிரேம் ரேட் மோடு ‘வேரியபிள்’ என்று காட்டுகிறதா பாருங்கள். காட்டினால், வீடியோ கோப்புகளை மாற்றித்தரும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் ‘கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்’ தேர்ந்தெடுத்து 25-க்கு மாற்றியபின் டைம்லைனில் சேருங்கள். போன் கிளிப்புகளை மாற்றாமல் டைம்லைனில் போடுவதில்லை என்பதை ஸ்டுடியோவின் வழக்கமாகவே வைத்துக்கொள்வது நல்லது.

கேமரா கிளிப்பாகவே இருந்தால், கேமராவின் மெமரி கார்டிலிருந்து நகல் எடுத்தபோது அறுந்துபோயிருக்கலாம். விஎல்சியில் ஓடுகிறதே என்று சமாதானம் ஆகாதீர்கள். உடைந்த இடத்தைத் தாண்டிக் குதித்துக் காட்டுவதில் விஎல்சி கெட்டிக்காரன். அந்த ஒரு கிளிப்பை ஹேண்ட்பிரேக்கில் முழுவதும் மாற்றிப் பாருங்கள். பாதியில் நின்றாலோ, நீளம் குறைந்து வந்தாலோ கோப்பு பழுது. கேமரா கார்டை இன்னும் ஃபார்மட் செய்யவில்லை என்றால் மறுபடி நகல் எடுத்துவிடலாம். நகல் சரியாகவே இருந்தும் அதே இடத்தில் கணினி திணறினால், அந்தக் கோப்பு உட்கார்ந்திருக்கும் வன்தட்டின் பகுதி கெட்டிருக்கக்கூடும். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் டிஸ்க்கின் நலம் மஞ்சளாகத் தெரிந்தாலோ, படிக்கக் காத்திருக்கும் செக்டார்களைக் காட்டும் சி5 என்ற வரி பூஜ்யத்துக்கு மேல் இருந்தாலோ ரெண்டரை மறந்துவிட்டு முதலில் அந்த டிஸ்க்கில் உள்ள எல்லாக் கல்யாணங்களையும் வேறு டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். சி7 என்ற வரி மட்டும் ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் டிஸ்க் நன்றாக இருக்கிறது, அதை இணைக்கும் சாட்டா கேபிள்தான் மோசம்.

இரைச்சல் நீக்கும் பிளக்இன், வார்ப் ஸ்டெபிலைசர், ஆப்டிகல் ஃபுளோ போட்ட ஸ்லோமோஷன் ஆகிய மூன்றும் ஒரே கிளிப்பின் மேல் ஏறியிருந்தால், அந்தக் கிளிப்பை மட்டும் தனியாக ரெண்டர் செய்து முடிந்த கோப்பாக டைம்லைனில் வைத்துவிடுங்கள். தமிழ் டைட்டில் இருக்கும் இடத்தில் நின்றால் அந்த அடுக்கை அணைத்துப் பாருங்கள். யூனிகோடுக்கு முந்தைய பாமினி காலத்து எழுத்துருக்கள் நூற்றுக்கணக்கில் ஏற்றப்பட்ட கணினிகள் நம் பக்கத்து ஸ்டுடியோக்களில் சாதாரணம். அவற்றில் ஒன்று பழுதாக இருந்தாலும் போதும். மணமக்கள் பெயரைப் பின்புலமற்ற பிஎன்ஜி படமாக்கி வைத்துவிட்டால் எழுத்துரு வழக்கே எழாது.

இத்தனையும் உறையும் இடம் மாறாமல் இருந்தால் பார்க்க வேண்டியவை. இடம் மாறினால் முதலில் செய்ய வேண்டிய சோதனை, கிராஃபிக்ஸ் கார்டை வேலையிலிருந்து விலக்கிப் பார்ப்பது. இங்கே பலர் தவறுகிறார்கள், ஏனெனில் பிரீமியரில் கார்டு இரண்டு தனித்தனி வேலைகளைச் செய்கிறது. எஃபெக்ட், வண்ணம், அளவு மாற்றம் போன்றவற்றைக் கணக்கிடுவது ஒன்று. கணக்கிட்ட ஃபிரேம்களை எச்.264 ஆகச் சுருக்குவது மற்றொன்று. முதலாவதற்கான அமைப்பு ஃபைல் மெனுவில் புராஜெக்ட் செட்டிங்ஸில் ‘ரெண்டரர்’ என்று இருக்கும்; அதை மெர்க்குரி பிளேபேக் என்ஜின் சாஃப்ட்வேர் ஒன்லி என்று மாற்றலாம். இரண்டாவது, எக்ஸ்போர்ட் பக்கத்தில் வீடியோ அமைப்புகளுக்குள் ‘ஹார்ட்வேர் என்கோடிங்’ என்று இருக்கும். அதைச் சாஃப்ட்வேர் என்கோடிங் ஆக்கலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் ரெண்டர் முடியலாம், ஆனால் எது காரணம் என்று தெரியாது. முதலில் என்கோடிங்கை மட்டும் மாற்றுங்கள். சற்று நேரம் அதிகமாகும், தாங்கக்கூடியதுதான். அதில் முடிந்துவிட்டால் இந்த வேலையை அப்படியே முடித்துக் கொடுத்துவிட்டு, டிரைவரைப் பிறகு நிதானமாகப் பாருங்கள். அதிலும் உறைந்தால் ரெண்டரரை மாற்றுங்கள். நேரம் பல மடங்காகும், இரவில் விட்டுவிட்டுப் போகலாம். இரண்டையும் மாற்றியபின்னும் இடம் மாறி மாறி உறைந்தால், கார்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று பெரும்பாலும் நம்பலாம். கடைக்காரரிடம் காட்ட இதைவிட நல்ல சான்று இல்லை.

கார்டுப் பக்கம் கை காட்டினாலும் அது பழுது என்று பொருளில்லை. கிராஃபிக்ஸ் டிரைவர் இரண்டு நொடிக்குள் பதில் தராவிட்டால் விண்டோஸ் அதை மீட்டமைத்துவிடும். திரை ஒரு கணம் கறுத்துத் திரும்புவது அதனால்தான். விண்டோஸ் நிகழ்வுகளின் பதிவைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பிரிவில், உறைந்த நேரத்தை ஒட்டி 4101 என்ற எண்ணுள்ள பதிவு இருந்தால் நடந்தது இதுவே. என்விடியாவில் கேம் ரெடி, ஸ்டுடியோ என்று இருவகை டிரைவர்கள் உண்டு. நமக்குத் தேவை ஸ்டுடியோ வகை. பழையதன் மேலேயே புதியதைப் போடாமல், டிடியு என்ற கருவியால் பழையதைச் சுத்தமாக நீக்கிவிட்டுப் போடுங்கள். புதிய பதிப்பு டிரைவர் எப்போதும் நல்லது என்றும் இல்லை. நேற்றுவரை ஓடிய கணினி டிரைவர் புதுப்பித்தபின் உறைந்தால் முந்தைய பதிப்புக்குத் திரும்புவதில் வெட்கமில்லை.

மதியம் கொடுத்தபோது 38-இலேயே நின்றது என்று எழுதியதைப் படித்ததும் என் மனம் வெயிலுக்குத்தான் போனது. வேலூரை வெயிலூர் என்று சொல்வது வெறும் கேலியில்லை. கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டுவது நமக்குச் செய்தியே அல்ல. குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வரும் வைகாசி முதல் நாளை ஒட்டி, திருவிழா வீடியோவும் முகூர்த்த வீடியோவும் ஒன்றாகக் குவிந்து, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே கணினி இரவுபகலாக ஓடும் காலமும் அதுதான். அறையின் சூடு பத்து டிகிரி ஏறினால் சிப்பின் சூடும் ஏறத்தாழ அதே அளவு ஏறும். உங்கள் ஐ5 100 டிகிரியை எட்டினால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அது மட்டும் நடந்தால் ரெண்டர் மெதுவாகுமே தவிர உறையாது. ஆனால் தூசு அடைத்த பெட்டிக்குள் சிப்போடு சேர்ந்து என்விஎம்இ எஸ்எஸ்டி, மதர்போர்டின் மின்பகுதி, ராம் எல்லாமே வேகின்றன. உறைவது அவற்றில் ஒன்றால் நிகழலாம்.

ஊகிக்க வேண்டாம், பதிவு செய்யுங்கள். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் சென்சார் பக்கத்தைத் திறந்து, பதிவுசெய்யும் பொத்தானை அழுத்திவிட்டு ரெண்டரைத் தொடங்குங்கள். சில நொடிகளுக்கு ஒரு வரி வீதம் பிராசஸர், கார்டு, எஸ்எஸ்டி ஆகியவற்றின் சூடும் நினைவகப் பயன்பாடும் கோப்பில் ஏறிக்கொண்டே இருக்கும். கணினியே உறைந்தாலும் உறைவதற்கு முந்தைய வரி கோப்பில் நிற்கும். அந்தக் கடைசி வரியில் எது உச்சத்தில் இருந்ததோ அதுதான் விசாரிக்கப்பட வேண்டியது. சூடு என்று தெரிந்தால், பக்கக் கதவைக் கழற்றி டேபிள் ஃபேனைக் காட்டி ஒரு ரெண்டர் ஓட்டுங்கள். அது முடிந்துவிட்டால் நோய் உறுதி. டேபிள் ஃபேனையே நிரந்தர வைத்தியமாக்கிவிடாதீர்கள். தூசு இன்னும் வேகமாகச் சேரும். புளோயரால் தூசு ஊதி, பிராசஸரின் தெர்மல் பேஸ்ட்டை மாற்றி, பெட்டியின் பின்னால் காற்று வெளியேற ஒரு ஃபேன் போட்டால் போதும். ராணிப்பேட்டையில் ஒரு ஸ்டுடியோவில் கணினியைத் திருட்டுக்குப் பயந்து மர அலமாரிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்கள். காலையில் ஓடிய ரெண்டர் மதியம் ஓடாத காரணத்தை அலமாரிக் கதவு திறந்ததுமே என் முகம் உணர்ந்துகொண்டது.

மின்சாரத்தையும் ஒரு முறை கூட்டிப் பாருங்கள். ஐ5 12400-இன் உச்ச டர்போ அளவு 117 வாட். உங்கள் கார்டு 125 வாட். போர்டு, டிஸ்க், ஃபேன்கள், மானிட்டர் எல்லாம் சேர்ந்தால் 300-ஐத் தாண்டும். ஸ்டுடியோக்களில் பரவலாக இருக்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் வரை மட்டுமே தாங்கும், அதுவும் புதிய பேட்டரியோடு. அதே யுபிஎஸ்ஸில் இரண்டாவது மானிட்டரையும் ஸ்பீக்கரையும் செருகியிருந்தால், கரன்ட் ஒரு நொடி சிமிட்டியபோதே கணினி அணைந்துவிடும். அப்படி அணைந்தால் ஈவென்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்று பதிவாகும். உங்கள் கணினி உறைகிறதே தவிர அணையவில்லை என்பதால் இதை இரண்டாம் வரிசையில் வைக்கிறேன்.

மற்றவை சுருக்கமாக. ராமைச் சோதிக்க மெம்டெஸ்ட்86-ஐ ஓர் இரவு ஓட்டலாம். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ராம் கூடாது. ராமுக்கு எக்ஸ்எம்பி (அதைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்பு) போட்டிருந்தால் அதை நீக்கிவிட்டு ஒரு முறை பாருங்கள். சி டிரைவில் குறைந்தது 50 ஜிபியாவது காலியாக வையுங்கள், ஏனெனில் 16 ஜிபி ராம் போதாதபோது விண்டோஸ் அங்கேதான் கடன் வாங்கும். பிரீமியர் சேர்த்துவைக்கும் தற்காலிகக் கோப்புகளான மீடியா கேஷை அவ்வப்போது நீக்கிவிடுங்கள். புராஜெக்ட் ஃபோல்டர் ஒன்டிரைவுக்குள் இருந்தால் வெளியே எடுங்கள். ரெண்டர் எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒன்டிரைவ் அந்தக் கோப்பை இணையத்துக்கு மேலேற்றப் பார்க்கும். இதைப் படிக்கும் வேறொருவரிடம் 13 அல்லது 14-ஆம் தலைமுறை இன்டெல் டெஸ்க்டாப் ஐ7, ஐ9 இருந்து, காரணமில்லாமல் உறைந்தால், மதர்போர்டின் பயாஸை (கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருளை) புதுப்பித்துக்கொள்ளுங்கள். அந்தச் சிப்புகளின் நிலையின்மையை இன்டெல்லே ஒப்புக்கொண்டு 2024 ஆகஸ்டில் திருத்த மைக்ரோகோடு வெளியிட்டு, உத்தரவாதத்தையும் நீட்டியது. உங்களுடையது 12-ஆம் தலைமுறை என்பதால் அந்தக் கவலை இல்லை. கிராக் செய்த பதிப்பும் கிராக் செய்த பிளக்இன்னும் போட்டிருந்தால் மேலே சொன்ன எந்தச் சோதனையின் முடிவையும் முழுதாக நம்ப முடியாது என்பதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

பெண் வீட்டார் காத்திருக்கிறார்கள் என்பதால் காரணம் தெரியும்வரை வேலையை நிறுத்தி வைக்க முடியாது. இன்றிரவு இப்படிச் செய்யுங்கள். ஆல்பம் படங்களைச் சிறிதாக்கி மாற்றிவிட்டு, டைம்லைனை நான்கு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் குறைவாகவே சுருக்கும் புரோரெஸ் 422 வகைக் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். 1080 அளவில் நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் அதன் வேகம் சுமார் 122 எம்பிபிஎஸ். 110 நிமிடத்துக்கு 100 ஜிபி வரை இடம் வேண்டும். எம்பி4 கோப்பின் உள்ளடக்க அட்டவணை வழக்கமாகக் கடைசியில்தான் எழுதப்படும் என்பதால் ஒரே நீளக் கோப்பாகக் கொடுத்துப் பாதியில் உறைந்தால் அதுவரை எழுதியது முழுவதும் வீண். துண்டுகளாகக் கொடுத்தால் நின்றுபோன துண்டை மட்டும் மறுபடி ஓட்டினால் போதும். நான்கும் கையில் வந்தபின் அவற்றைப் புதிய சீக்வென்ஸில் (புதிய டைம்லைனில்) வரிசையாக வைத்து, சாஃப்ட்வேர் என்கோடிங்கில், வரவேற்பு ஒன்று, முகூர்த்தம் ஒன்று என இரண்டு எம்பி4 கோப்புகளாக டி டிரைவுக்கு எடுங்கள். எஃபெக்டுகள் எல்லாம் ஏற்கெனவே படத்தோடு சேர்ந்து பதிவாகிவிட்டதால் கார்டுக்கு அங்கே வேலை மிகக் குறைவு. ஒவ்வொரு கோப்பும் 4 ஜிபிக்குக் கீழே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பென்டிரைவுக்கு நகல் எடுங்கள். துண்டுகளில் ஏதாவது ஒன்று நின்றால், அது எத்தனையாவது துண்டு, நின்ற நேரம் இரவா மதியமா, எச்டபிள்யூஇன்ஃபோ பதிவின் கடைசி வரி என்ன என்ற மூன்றையும் எழுதுங்கள். மீதியை அதிலிருந்து சொல்கிறேன்.